எலிசபெத் கால நாடகங்கள்: எது எடுபட்டது, எவ்வளவு காலம் எடுபட்டது

முதலாம் எலிசபெத் அரசியின் காலத்து லண்டனில் எந்த நாடகங்களுக்கு மக்களிடம் மவுசு இருந்தது, அந்த மவுசு எப்படி ஏறி இறங்கியது, ஷேக்ஸ்பியர் அன்றைக்கே மற்ற எல்லாரையும் முந்தி நின்றாரா என்பது கேள்வி. கடைசிப் பகுதிக்கு முதலில் சுருக்கமாக விடை சொல்லிவிடலாம். நன்றாக எடுபட்ட நாடகாசிரியர்களில் அவர் ஒருவர். ஆனால் 1590களில் ஒரு லண்டன்காரரிடம் ஊரறிந்த நாடகம் எது என்று கேட்டிருந்தால், அவர் வாயில் முதலில் வந்திருக்கக்கூடிய பெயர் 'ஹாம்லெட்' அல்ல, தாமஸ் கிட் எழுதிய 'தி ஸ்பானிஷ் டிராஜெடி'. மற்ற இரு பகுதிகளுக்கும் விடை காண, அந்தக் காலத்தில் நாடகக் கொட்டகை எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இன்று ஒரு நாடகம் 'நூறு நாள் ஓடியது' என்று சொல்கிறோமே, அந்த ஓட்டம் அப்போது கிடையாது. குழுக்கள் ஞாயிறு நீங்கலாக வாரத்தின் ஆறு நாளும் பிற்பகலில் ஆடின. ஆனால் அநேகமாக ஒவ்வொரு நாளும் வெவ்வேறு நாடகம். நேற்று அமோகமாகக் கூட்டம் சேர்த்த நாடகத்தைக்கூட இன்று உடனே மறுபடி போட மாட்டார்கள். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்துத்தான் அது திரும்பி வரும். அட்மிரல் பிரபுவின் ஆதரவில் இயங்கிய குழு 1594-95 ஆண்டில் 38 நாடகங்களை மேடையேற்றியது. அவற்றில் 21 புதியவை. இரண்டு வாரத்துக்கு ஒரு புதுநாடகம் என்ற வேகத்துக்கு இது நெருக்கமானது. அன்றைய லண்டனின் மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டு லட்சம். அதில் கொட்டகைக்கு வழக்கமாக வருகிற கூட்டம் திரும்பத் திரும்ப ஒரே கூட்டம்தான் என்பதால், புதிது காட்டிக்கொண்டே இருந்தால்தான் பிழைப்பு நடக்கும். எனவே ஒரு நாடகத்தின் செல்வாக்கை, தொடர்ந்து எத்தனை நாள் ஆடியது என்று பார்த்து அளக்க முடியாது. எத்தனை முறை திரும்ப அழைக்கப்பட்டது, திரும்பி வந்தபோது எவ்வளவு பணம் கொண்டுவந்தது என்று பார்த்துத்தான் அளக்க வேண்டும்.

இப்படி அளக்க நமக்குக் கிடைத்திருக்கும் தலையாய சான்று, பிலிப் ஹென்ஸ்லோ என்ற கொட்டகை முதலாளியின் கணக்குப் புத்தகம். தேம்ஸ் நதியின் தென்கரையில் 1587இல் அவர் கட்டிய ரோஸ் அரங்கில் 1592 பிப்ரவரி தொடங்கி 1597 வரை, எந்த நாளில் எந்த நாடகம், தமக்கு எவ்வளவு பணம் என்று வரி வரியாக எழுதி வைத்தார். அவருடைய வளர்ப்பு மகளை 1592இல் மணந்த நடிகர் எட்வர்ட் ஆலன் பின்னாளில் டல்லிச் கல்லூரியை நிறுவியதால், அவருடைய மற்ற தாள்களோடு இந்தப் புத்தகமும் அங்கே தங்கிவிட்டது. இலக்கிய ஆர்வம் துளியும் தெரியாத, எழுத்துப்பிழைகள் மலிந்த இந்த வட்டிக்காரக் கணக்குதான், அந்தக் காலத்து ரசனையைப் பற்றிப் பெரிய புலவர்கள் எழுதிய கட்டுரைகளைவிட நம்பகமானது என்பது என் கருத்து. புலவர்கள் எதை ரசிக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஹென்ஸ்லோ எதற்குக் காசு வந்தது என்று எழுதினார்.

ஆனால் அந்த எண்களைப் படிக்கும்போது சில எச்சரிக்கைகள் வேண்டும். அவர் குறித்தது மொத்த வசூல் அல்ல. மாடங்களில் வசூலான பணத்தில் பாதியான தம் பங்கு என்றே அறிஞர்கள் கொள்கிறார்கள். ஒரு பென்னி கொடுத்து முற்றத்தில் நின்று பார்த்தவர்களின் காசு அதில் சேரவில்லை. ஆகவே அந்த எண்கள் காட்டுவது, கூடுதலாக ஒரு பென்னியாவது கொடுத்து மாடத்துக்கு ஏறியவர்களின் விருப்பத்தை. கிறிஸ்துமஸ், நோன்புக்கு முந்தைய கொண்டாட்டம், பெந்தகொஸ்தே பண்டிகையையொட்டிய விட்சன் வாரம் போன்ற நாட்களில் எதைப் போட்டாலும் கூட்டம் வந்தது. பல வரிகளின் அருகே அவர் இட்டிருக்கும் 'நெ' என்ற குறி புதுநாடகத்தைச் சுட்டுகிறது என்பதே பொதுவான கருத்து என்றாலும், சில இடங்களில் அது பொருந்தவில்லை. ஒரு நாள் வசூலை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு நாடகத்தை வெற்றி என்றோ தோல்வி என்றோ முடிவு கட்டக் கூடாது.

அன்றைய நாணயக் கணக்கில் இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு, பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங். 1592 பிப்ரவரி 19இல் ஸ்ட்ரேஞ்ச் பிரபுவின் குழு ராபர்ட் கிரீனின் பழைய நாடகமான 'ஃபிரையர் பேக்கன்' ஆடியபோது ஹென்ஸ்லோவுக்குக் கிடைத்தது 17 ஷில்லிங் 3 பென்னி. ஒரு வாரம் கழித்து, நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோவின் 'தி ஜ்யூ ஆஃப் மால்டா' 50 ஷில்லிங் கொண்டுவந்தது. மார்ச் 3ஆம் தேதி 'ஹாரி தி சிக்ஸ்த்' என்ற பெயரில், அநேகமாக ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி' முதல் பாகமாக இருக்கக்கூடிய புதுநாடகம், 3 பவுண்டு 16 ஷில்லிங் 8 பென்னி அள்ளியது. அந்தப் பருவத்தின் உச்ச வசூல் அது. ஜூனில் கொட்டகைகள் மூடப்படும் முன் அது பதினான்கு, பதினைந்து முறை ஆடப்பட்டது. பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்டு மாண்ட தளபதி டால்பட் மேடையில் மறுபடி உயிர்பெற்று மடிவதைப் பார்த்து, பல ஆட்டங்களிலுமாகப் பத்தாயிரம் பேராவது கண்ணீர் விட்டிருப்பார்கள் என்று அதே ஆண்டில் எழுத்தாளர் தாமஸ் நாஷ் எழுதினார். ஸ்பானியக் கடற்படை முறியடிக்கப்பட்டு நான்கே ஆண்டு ஆகியிருந்த ஊரில் அந்தக் கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

பொதுவாக ஒரு புதுநாடகத்தின் பாதை ஒரே மாதிரி இருந்தது. முதல் ஆட்டத்துக்கு மாடங்கள் நிரம்பும். இரண்டாவது, மூன்றாவது ஆட்டங்களில் பரவாயில்லை என்ற அளவுக்கு இறங்கும். எட்டு முதல் பன்னிரண்டு ஆட்டத்துக்குள், சில மாதங்களில், பெட்டிக்குள் போய்விடும். நாடகாசிரியருக்குக் கிடைப்பது மொத்தமாக ஆறு பவுண்டு அளவில். அதற்குப் பிறகு எத்தனை முறை ஆடினாலும் அவருக்கு உரிமைத்தொகை கிடையாது. ஹென்ஸ்லோ கணக்கில் தலைப்பு மட்டும் பதிவாகி, பிரதியே கிடைக்காமல் போனவைதான் பெரும்பகுதி. அவற்றுள் பல தம் காலத்தில் நன்றாகவே காசு பார்த்தவை: 'வாரத்தின் ஏழு நாட்கள்' என்று பொருள்படும் தலைப்பில் 1595இல் வந்த நாடகம் இருபது முறைக்கு மேல் ஆடப்பட்டது, இன்று அதில் ஒரு வரிகூட இல்லை.

இந்தப் பாதையை மீறிய நாடகங்களே நம் கவனத்துக்குரியவை. 'ஜ்யூ ஆஃப் மால்டா' ஹென்ஸ்லோ கணக்கில் 36 முறை, 'ஸ்பானிஷ் டிராஜெடி' 29 முறை, மார்லோவின் 'டாக்டர் ஃபாஸ்டஸ்' ஏறத்தாழ 25 முறை வருகின்றன. இவற்றுக்கு நடுவே, இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் ஒரு வரியில் தாண்டிப் போகும் 'தி வைஸ் மேன் ஆஃப் வெஸ்ட்செஸ்டர்' என்ற நாடகம் 1594 டிசம்பரிலிருந்து 1597 ஜூலைக்குள் 32 முறை ஆடப்பட்டிருக்கிறது. தொடக்க நாளில் அது கொண்டுவந்தது 33 ஷில்லிங் மட்டுமே. 'ஃபாஸ்டஸ்' கணக்கில் முதன்முதலாக இடம்பெற்ற நாளில் வந்த 3 பவுண்டு 12 ஷில்லிங்கில் பாதிகூட இல்லை. ஆயினும் 'ஃபாஸ்டஸ்' இரண்டே ஆண்டில் ஒரு பவுண்டுக்கும் கீழே சரிந்தபோது, மந்திரவாதம் கலந்த நகைச்சுவை என்று ஊகிக்கப்படும் இந்த நாடகம் நிதானமாகத் தாக்குப்பிடித்தது. 1601இல் அதன் பிரதியை ஆலனிடமிருந்து 40 ஷில்லிங் கொடுத்துக் குழு வாங்கியது என்றும் கணக்கில் இருக்கிறது. சாத்தானுக்கு ஆன்மாவை விற்றுத் துடிக்கும் ஃபாஸ்டஸின் பெருந்துயரம் மந்திரவாதிக் கதைக்குத் தேவைப்படவில்லை, வேடிக்கை போதும் என்று மாடத்தில் இருந்தவர்கள் நினைத்திருக்கலாம்.

வெளியுலக நிகழ்ச்சிகளும் ஒரு நாடகத்தைத் தூக்கிவிட்டன. அரசியின் மருத்துவரும் போர்த்துகீசிய யூத வம்சாவளியினருமான ரோடரிகோ லோபஸ், அரசிக்கு விஷம் வைக்கத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு 1594 ஜூன் 7ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். ஒரு வஞ்சக யூத வணிகனை நாயகனாகக் கொண்ட 'ஜ்யூ ஆஃப் மால்டா' அந்த ஆண்டு முழுவதும் மறுபடி மறுபடி மேடையேறியது. அவ்வளவையும் லோபஸ் வழக்கின் தலையில் கட்டுவது மிகை. இரண்டு ஆண்டுக்கு முன்பே அந்த நாடகம் பணம் காய்ச்சும் மரமாக இருந்தது. ஊரில் பரவியிருந்த வெறுப்பு, ஏற்கெனவே இருந்த ஈர்ப்பை நீட்டித்தது என்று சொல்வதே சரி. இன்னொரு பக்கம் கொள்ளைநோய். 1592 கோடையிலிருந்து 1594 வரை லண்டன் கொட்டகைகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. குழுக்கள் வெளியூர்களுக்குப் பெட்டி கட்டின, சில உடைந்தன. 1580களில் நாட்டின் தலைசிறந்த குழுவாக இருந்த அரசியின் குழு, தன் பெரும் நகைச்சுவை நடிகர் ரிச்சர்ட் டார்ல்டனை 1588இலேயே பறிகொடுத்துவிட்டிருந்தது. 1594க்குப் பிறகு தலைநகரில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. அந்தக் குழுவோடு அடையாளமாகியிருந்த வரலாற்று வேடிக்கை நாடகங்களும் அத்துடன் பழசாயின.

இனி, ஆண்டுகளின் அளவில் நடந்த மெதுவான மாற்றத்துக்கு வருவோம். அரசி பட்டமேறிய தொடக்க ஆண்டுகளின் மேடை, அறநெறிப் பாத்திரங்களும் கொடுங்கோலர்களும் கோமாளித்தனமும் கலந்து, எதுகை இயைந்த நீண்ட அடிகளில் பேசியது. தாமஸ் பிரஸ்டனின் 'கேம்பைசிஸ்' அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1587 அளவில் மார்லோவின் 'டாம்பர்லேன்' வந்தபோது, எதுகையில் துள்ளும் அந்த வகையை விட்டு வேறிடம் அழைத்துப் போகிறேன் என்று முன்னுரையிலேயே அறிவித்துவிட்டு, எதுகையற்ற ஐஞ்சீர் அடியில் முழங்கியது. நாயகனாக நின்றவர் ஆலன். கிடைத்த வரவேற்பு எப்படிப்பட்டது என்பதை இரண்டாம் பாகத்தின் முன்னுரையே சொல்கிறது: டாம்பர்லேனுக்கு மக்கள் தந்த வரவேற்புதான் கவிஞரை இந்த இரண்டாம் பாகத்தை எழுத வைத்தது என்று. வெற்றி பெற்ற நாடகத்துக்குத் தொடர்ச்சி எழுதும் பழக்கம் இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்படுவது அரிது. பத்தாண்டு கழித்து ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில் ஃபால்ஸ்டாஃப் என்ற கொழுத்த வேடிக்கைக் கிழவன், அரசனைப் போல நடித்துக் காட்டும் காட்சியில் 'கேம்பைசிஸ் பாணியில் பேசுகிறேன்' என்கிறான். கூட்டம் சிரித்திருந்தால், அந்தப் பழைய பாணி அவர்களுக்கு இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது என்று பொருள்.

1590களின் முதற்பாதி போர் முழக்கத்துக்கும் பழிவாங்கலுக்கும் இங்கிலாந்து அரசர்களின் வரலாற்றுக்கும் உரியது. பிற்பாதியில் காற்று திசைமாறியது. 1597 மே மாதம் ஜார்ஜ் சாப்மன் எழுதிய ஒரு நகைச்சுவை ரோஸ் அரங்குக்கு வந்தது. கதைச் சுழற்சி குறைவு. ஆளுக்கொரு கிறுக்குக் குணத்தைப் பிடித்துக் கேலி செய்வதே அதன் வேலை. வழக்கத்துக்கு மாறாக, முதல் ஆட்டத்தைவிட அடுத்தடுத்த ஆட்டங்களில் அதன் வசூல் ஏறியது. விளம்பரமற்ற அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே கூட்டம் சேர்ந்ததன் தடயம் அது. அடுத்த மாதமே ஜான் சேம்பர்லேன் என்ற லண்டன் கனவான் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், குணக்கிறுக்குகளைப் பற்றிய புதுநாடகத்துக்கு ஊரில் பெரிய கிராக்கி என்று குறிப்பிடுகிறார். அடுத்த ஆண்டு நாடகாசிரியர் பென் ஜான்சன், ஷேக்ஸ்பியர் இருந்த போட்டிக் குழுவான சேம்பர்லேன் பிரபுவின் குழுவுக்கு 'எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹ்யூமர்' எழுதிக் கொடுத்தார். தலைப்பே எந்த அலையில் ஏறியது என்பதைச் சொல்லிவிடுகிறது.

1599இல் அச்சான 'எ வார்னிங் ஃபார் ஃபேர் விமன்' என்ற நாடகத்தின் தொடக்கத்தில் இந்தப் போட்டியே பாத்திரங்களாக மேடைக்கு வருகிறது. சவுக்கோடு துயரமும், முரசும் கொடியுமாக வரலாறும், பிடிலோடு நகைச்சுவையும் வந்து, இன்று மேடை யாருக்கு என்று சண்டை போடுகின்றன. வெட்டுப்பட்ட பன்றியைப் போலக் கத்திக்கொண்டு 'பழி, பழி' என்று வரும் ஆவியை நகைச்சுவை அங்கே கிண்டல் செய்கிறது. அந்த ஆவி எங்கிருந்து வந்தது என்று அன்றைய ரசிகருக்கு விளக்கத் தேவையில்லை. 'ஸ்பானிஷ் டிராஜெடி' தொடங்கிவைத்த மரபு அது. அதே ஆண்டில் செயின்ட் பால் சிறுவர் குழுவும், அடுத்த ஆண்டில் பிளாக்ஃபிரையர்ஸ் சிறுவர் குழுவும் மறுபடி ஆடத் தொடங்கின. கூரை வேய்ந்த சிறிய கூடம், மெழுகுவர்த்தி வெளிச்சம், பென்னிக்குப் பதிலாக ஆறு பென்னி போன்ற கட்டணம், கிண்டல் நிறைந்த புதுநாடகங்கள் என்று நாகரிக இளைஞர் கூட்டம் அங்கே சாய்ந்தது. 'ஹாம்லெட்'டில் எல்சினோருக்கு வந்து சேரும் நாடகக்காரர்கள் ஏன் ஊர் சுற்ற வேண்டியதாயிற்று என்று இளவரசன் ஹாம்லெட் கேட்கும்போது, கீச்சுக்குரல் பொடியன்கள் நகரத்தையே பிடித்துக்கொண்டார்கள் என்று ரோசன்கிராண்ட்ஸ் சொல்வது இந்த நிலைமையைத்தான்.

இதிலிருந்து, புதியது வந்தால் பழையது செத்தது என்று முடிவு செய்வது பொதுவான தவறு. பழைய நாடகங்கள் சாகவில்லை. கேலிக்கு உள்ளாகிக்கொண்டே காசும் பார்த்தன. 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் பிஸ்டல் என்ற வாய்ச்சவடால்காரன், டாம்பர்லேன் தன் தேரில் பூட்டிய அரசர்களைத் திட்டும் புகழ்பெற்ற வரியைத் தப்புத்தப்பாக உளறுகிறான். பத்தாண்டு பழகிய ஒரு வரியை ஓட்டை உடைசலாகச் சொன்னாலும் கூட்டம் அடையாளம் கண்டுகொள்ளும் என்று நம்பித்தான் ஆசிரியர் அதை எழுதியிருக்க முடியும். கேலி இங்கே மவுசு குறைந்ததற்கு அடையாளம் அல்ல, எல்லாருக்கும் அந்த நாடகம் மனப்பாடம் என்பதற்கு அடையாளம். 'ஸ்பானிஷ் டிராஜெடி'யைப் புதுப்பிக்க 1601 செப்டம்பரிலும் 1602 ஜூனிலும் ஹென்ஸ்லோ பென் ஜான்சனுக்கே முன்பணம் கொடுத்திருக்கிறார். 1602 நவம்பரில் 'ஃபாஸ்டஸ்'க்கு இடைச்செருகல் எழுத வில்லியம் பர்டுக்கும் சாமுவேல் ரௌலிக்கும் 4 பவுண்டு. 1597இல் மேடையை விட்டு விலகிய ஆலன், 1600இல் நகரின் வடக்கே கட்டிய ஃபார்ச்சூன் அரங்குக்குத் திரும்பி வந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய வேடங்களில் பழைய நடிகரைப் பார்க்கவும் கூட்டம் இருந்தது. இதே ஜான்சன் 1614இல் 'பார்த்தலமியூ ஃபேர்' நாடகத்தின் தொடக்கத்தில், இன்றும் ஜெரோனிமோவும் (அதாவது 'ஸ்பானிஷ் டிராஜெடி') ஆண்ட்ரானிகஸும் (ஷேக்ஸ்பியரின் 'டைட்டஸ் ஆண்ட்ரானிகஸ்') தான் சிறந்த நாடகங்கள் என்று சத்தியம் செய்பவனின் ரசனை இருபத்தைந்து, முப்பது ஆண்டாக நின்ற இடத்தில் நிற்கிறது என்று நக்கல் அடித்தார். தாம் கைநீட்டிப் பணம் வாங்கி மெருகேற்றிய நாடகம்தான் ஜெரோனிமோ என்பதை அவர் அங்கே சொல்லவில்லை.

அச்சுப் பதிப்புகளும் ஓர் அளவுகோல்தான், ஆனால் வளைந்த அளவுகோல். ஆசிரியர் பெயர் உறுதியாகத் தெரியாத 'மியூசிடோரஸ்' என்ற எளிய காதல் நகைச்சுவை 1598 முதல் 1668 வரை பதினைந்துக்கு மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. அந்தக் காலத்தில் அவ்வளவு முறை அச்சான வேறு நாடகம் இல்லை. கரடி ஒன்று மேடையில் துரத்துவது அதன் கவர்ச்சிகளில் முக்கியமானது. மாறாக, ஹென்ஸ்லோவுக்கு 36 முறை பணம் கொண்டுவந்த 'ஜ்யூ ஆஃப் மால்டா'வின் கிடைத்திருக்கும் முதல் பதிப்பு 1633ஆம் ஆண்டினது. பதிப்புகளை மட்டும் எண்ணினால் அந்த நாடகத்தை யாரும் பார்க்கவே இல்லை என்று நினைத்துவிடுவோம்.

ஷேக்ஸ்பியரின் நிலையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். ஹென்ஸ்லோ கணக்கில் அவருடையவை என்று கருதத்தக்கவை 'ஹாரி தி சிக்ஸ்த்', 1594 ஜனவரியில் 3 பவுண்டு 8 ஷில்லிங் கொண்டுவந்த 'டைட்டஸ் ஆண்ட்ரானிகஸ்' போன்ற ஓரிரண்டே. அதே ஆண்டு ஜூனில் நியூயிங்டன் பட்ஸ் அரங்கில் ஆடப்பட்டு 8 ஷில்லிங் மட்டும் ஈட்டிய 'ஹாம்லெட்' அவருடைய நாடகம் அல்ல, அதற்கு முந்தைய, தொலைந்துபோன ஒன்று. அவர் பங்குதாரராக இருந்த சேம்பர்லேன் குழுவுக்கு இப்படியொரு தினக்கணக்கு கிடைக்கவில்லை என்பதால், அவருடைய நாடகங்களின் ஏற்ற இறக்கத்தைச் சுற்றுவழியில்தான் அறிய முடிகிறது.

அப்படிக் கிடைக்கும் சான்றுகளில் மிகவும் வெளிப்படையானது ஒரு நீதி விசாரணையில் பதிவானது. அரசிக்கு எதிராக எசெக்ஸ் பிரபு கலகம் செய்வதற்குச் சில நாள் முன், அவருடைய ஆதரவாளர்கள் சேம்பர்லேன் குழுவிடம் வந்து, இரண்டாம் ரிச்சர்ட் அரசன் பதவி நீக்கப்பட்டுக் கொல்லப்படும் நாடகத்தை, கலகத்துக்கு முந்தைய நாளான 1601 பிப்ரவரி 7ஆம் தேதி ஆடச் சொன்னார்கள். அது ஷேக்ஸ்பியரின் நாடகமே என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். அது மிகவும் பழசாகிவிட்டது, வழக்கொழிந்து வெகுகாலம் ஆயிற்று, கூட்டமே வராது என்று நடிகர்கள் தயங்கியதாகவும், வழக்கமான வருமானத்துக்கு மேல் 40 ஷில்லிங் தருவதாகச் சொன்ன பிறகே ஆடியதாகவும் குழுவின் பங்குதாரர் அகஸ்டின் ஃபிலிப்ஸ் விசாரணையில் வாக்குமூலம் கொடுத்தார். தம் தலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சற்று அழுத்திச் சொல்லியிருக்கலாம். இருந்தும் விசாரித்தவர்கள் நம்பத்தக்க பேச்சாகத்தான் அது இருந்திருக்க வேண்டும். அப்போது அந்த நாடகத்துக்கு வயது ஆறு அளவில்தான். 1597, 1598 என்று இரண்டே ஆண்டில் மூன்று பதிப்பு விற்ற நாடகம் அது. வாசகர் கையில் அப்போதும் உயிரோடு இருந்தது, மேடையில் கிழமாகிவிட்டது.

'நான்காம் ஹென்றி' முதல் பாகத்துக்கு அந்த முதுமை வரவில்லை. 1598 முதல் 1622 வரை அது ஏழு பதிப்புகளைக் கண்டது, காரணம் ஃபால்ஸ்டாஃப். முதலில் அந்தப் பாத்திரத்துக்கு, புராட்டஸ்டண்ட் தியாகியாகப் போற்றப்பட்ட சர் ஜான் ஓல்ட்காசிலின் பெயர் இருந்து, குடும்பத்தாரின் எதிர்ப்பால் மாற்றப்பட்டது. ஃபால்ஸ்டாஃபுக்காகக் கூடிய கூட்டத்தில் ஒரு பங்கைத் தம் பக்கம் இழுக்க, 1599இல் ஹென்ஸ்லோவின் ரோஸ் அரங்கில் ஆடிய அட்மிரல் குழு நான்கு ஆசிரியர்களை அமர்த்தி உண்மையான ஓல்ட்காசிலைப் பற்றி ஒரு நாடகம் எழுத வைத்தது. எங்கள் நாயகன் தின்று கொழுத்த கிழவன் அல்ல என்று அதன் முன்னுரை அறிவித்தது. ஹென்ஸ்லோ அதற்காக 10 பவுண்டு செலுத்தினார், அதில் இரண்டாம் பாகத்துக்கான முன்பணமும் அடக்கம். முதல் ஆட்டம் முடிந்ததும் ஆசிரியர்களுக்குப் பரிசாக 10 ஷில்லிங் கூடுதலாகக் கொடுத்ததும் பதிவாகியிருக்கிறது. ஷேக்ஸ்பியரின் பெயர் அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் அவருடைய ஒரு பாத்திரத்துக்கு அன்று இருந்த மவுசு, போட்டியாளர் செய்த செலவாக இந்த வரிகளில் பதிவாகிவிட்டது.